அக்காவுக்கு இல்லை, தம்பிக்கு உண்டு: 7.5 சதவீதக் கணக்கு

பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் நெருங்க நெருங்க, வரும் கடிதங்களில் பாதி ஒரே கேள்விதான்: அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடு எங்கள் பிள்ளைக்கு உண்டா? செவிலிமேட்டிலிருந்து எழுதியிருக்கும் பட்டுத் தறிக்காரரின் மகள் எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில்தான் படித்தாள். ஆனாலும் கிடைக்காது.

மருத்துவத்துக்கு 2020-லும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றுக்கு 2021-லும் வந்த சட்டங்கள், ஆறாம் வகுப்பிலிருந்து ஏழு வருடமும் அரசுப் பள்ளியில் இருந்தவரையே ‘அரசுப் பள்ளி மாணவர்’ என்கின்றன. மேடையில் ‘ஏழை மாணவர்களுக்காக’ என்கிறார்கள். சட்டம் பார்ப்பது வறுமையை அல்ல, பள்ளிப் பதிவேட்டை.

கொரோனாவில் கல்யாணங்கள் சுருங்கி, தறிகள் நின்றன. மெட்ரிக் பள்ளிக் கட்டணம் கட்ட வழியில்லாமல் 2021-ல் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு மாற்றிய வீடுகள் ஏராளம். செவிலிமேட்டு வீடும் அதில் ஒன்று. அப்போது ஆறாவதில் சேர்ந்த தம்பிக்கு 2028-ல் 7.5 உண்டு. எட்டாவதில் சேர்ந்து 2026-ல் பிளஸ் டூ முடிக்கும் அக்காவுக்கு இல்லை. வீட்டில் இருப்பது ஒரே தறி, ஒரே கடன்.

கடைசி இரண்டு வருடம் மட்டும் அரசுப் பள்ளிக்குத் தாவி இடம் பிடிப்பவர்களைத் தடுக்கவே இந்த வேலி என்பார்கள். நியாயம்தான். ஆனால் பதின்மூன்று வயதில் மாறியவள் எந்த இடத்தைக் குறிவைத்தாள்?

விதிவிலக்கு இன்னும் விசித்திரம். கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை இலவசமாகப் படித்து, ஒன்பதாவதில் அரசுப் பள்ளிக்கு வந்தால் 7.5 உண்டு. நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டியிருந்தால் இல்லை. அந்த ஒதுக்கீட்டுக்கான எல்.கே.ஜி. குலுக்கலில் விழாத சீட்டு, பதினான்கு வருடம் கழித்து மறுபடி குறுக்கே நிற்கிறது. இழப்பது இடத்தை மட்டுமல்ல: 7.5-ல் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டும் அரசின் பொறுப்பு.

மற்ற கேள்விகள்:

மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி? அரசுப் பள்ளிக் கணக்குதான்.

அரசு உதவிபெறும் பள்ளி? 7.5-க்குச் சேராது, தமிழ்வழி என்றால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய்க்குச் சேரும். ஒரே அரசு, இரண்டு அளவுகோல்.

கலை, அறிவியல் கல்லூரிக்கு? 7.5 கிடையாது.

முதல் பட்டதாரி சலுகை? மெட்ரிக்கில் படித்திருந்தாலும் உண்டு; கல்விக் கட்டணத்துக்கு மட்டும், வீட்டில் ஒருவருக்கு மட்டும். தம்பிக்கு 7.5 இருப்பதால், செவிலிமேட்டு அக்கா இதை எடுத்துக்கொள்ளலாம்.