மண் சுமக்கும் பெண்ணுக்கும் சட்டம் உண்டு

அகழாய்வில் கிடைக்கும் ஒவ்வொரு பானை ஓட்டுக்கும் கணக்கு இருக்கிறது. எந்தக் குழி, எவ்வளவு ஆழம், எந்தத் தேதி என்று எழுதி, பையில் போட்டுப் பத்திரப்படுத்துகிறார்கள். அந்த மண்ணைச் சுமந்து, சல்லடையில் சலித்து, ஓட்டைக் கழுவிக் கொடுத்த பெண்ணுக்கு இருக்கும் கணக்கு, வருகைப் பதிவேட்டில் அவருடைய பெயரும் அன்றைய கூலியும் மட்டுமே. வேலை இடத்தில் ஒருவர் அவரிடம் தவறாகப் பேசினால், தொட்டால், யாரிடம் போய்ச் சொல்வது? வேலைக்குச் சேரும் நாளில் இதை யாராவது அவருக்குச் சொல்கிறார்களா?

கடலூர் மாவட்டத்துக்கு இது தூரத்துக் கேள்வி அல்ல. பண்ருட்டி வட்டம் மருங்கூரில் 2024 ஜூனில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. ஸ்ரீமுஷ்ணத்தை அடுத்த அரியலூர் மாவட்டத்தில், கங்கைகொண்ட சோழபுரம் மாளிகைமேட்டில் 2021 முதல் சோழர் அரண்மனைப் பகுதி தோண்டப்பட்டது. இத்தகைய தளங்களில் தொல்லியலாளர்களும் மாணவர்களும் சிலர்தான். கையால் செய்யும் வேலை பெரும்பாலும் அக்கம்பக்கத்துக் கிராமத்தினருடையது. அவர்களில் பெண்கள் ஏராளம். களையெடுப்பு, கரும்பு வெட்டு, முந்திரித் தோப்பு, நூறு நாள் வேலை என்று போய்வரும் காலனிப் பெண்களுக்கு இதுவும் ஒரு கூலி வேலை.

எந்த ஒரு தளத்தின் மீதும் இங்கே குற்றம் சாட்டவில்லை. ஆனால் இந்த வேலையின் அமைப்பிலேயே ஆபத்து இருக்கிறது. ஊருக்கு ஒதுக்குப்புறமான இடம். மாதக்கணக்கில் நீளும் பருவம். யார் நாளை வரலாம், யார் வர வேண்டாம் என்பதைச் சொல்லும் அதிகாரம் ஒருவர் கையில். அந்த ஒருவர் ஊர்த் தெருக்காரராகவும், வேலை கேட்டு நிற்பவர் காலனிப் பெண்ணாகவும் இருந்தால், வேலை அதிகாரத்தோடு சாதி அதிகாரமும் சேர்ந்துகொள்கிறது.

உலகம் கேட்டதும் கேட்காததும்

களப்பணியில் பாலியல் துன்புறுத்தல் பற்றி உலகத்தை உலுக்கிய ஆய்வு 2014-ல் வந்தது. அமெரிக்க மானுடவியலாளர் கேத்ரின் கிளான்சியும் அவருடைய சகாக்களும் தொல்லியல், மானுடவியல் உள்ளிட்ட துறைகளில் களத்துக்குச் சென்ற 666 பேரிடம் கேட்டார்கள். 64 சதவீதம் பேர் பாலியல் ரீதியான பேச்சையும் சீண்டலையும் சந்தித்ததாகச் சொன்னார்கள். ஐந்தில் ஒருவருக்கு மேல் உடல் ரீதியான அத்துமீறலைச் சொன்னார்கள். அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் பயிற்சி நிலையில் இருந்த பெண்கள். அவர்களிடம் அத்துமீறியவர்களில் பெரும்பாலோர் அவர்களுக்கு மேலிருந்த ஆண்கள்.

இந்த ஆய்வுக்குப் பிறகு விவாதம் நடந்தது. பல இடங்களில் நடத்தை விதிகளும் வந்தன. ஆனால் அது இணையம் வழியாக ஆய்வாளர்களிடமும் மாணவர்களிடமும் கேட்ட கேள்வி. தலையில் மண் சுமக்கும் கூலிப் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. மாணவிக்கே இந்த நிலை என்றால், மறுநாள் கூலியை நம்பி நிற்பவருக்கு என்ன நிலை என்பதை ஊகிப்பது கடினமல்ல.

களத்தில் பிறந்த சட்டம்

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டம் என்றதும் ஏ.சி. அறையும் கணினியும்தான் நினைவுக்கு வருகின்றன. அந்தச் சட்டத்தின் வேர் ஒரு கிராமத்து வயலில் இருக்கிறது. ராஜஸ்தான் மாநிலம் பட்டேரி கிராமத்தைச் சேர்ந்த பன்வாரி தேவி, மாநில அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் களப்பணியாளர். குயவர் சமூகத்தைச் சேர்ந்தவர். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக 1992 செப்டம்பர் 22 அன்று ஆதிக்க சாதி ஆண்களால் கூட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளானதாகப் புகார் கொடுத்தார். 1995-ல் விசாரணை நீதிமன்றம் அவர்களை அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. உயர்சாதி ஆண்கள் கீழ்சாதிப் பெண்ணைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்ற தொனியில் அமைந்த அந்தத் தீர்ப்பு நாடு முழுவதும் கொதிப்பை உண்டாக்கியது.

அந்தக் கொடுமையை முன்வைத்துப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கில்தான், 1997 ஆகஸ்ட் 13 அன்று உச்ச நீதிமன்றம் விசாகா வழிகாட்டுதல்களை வகுத்தது. 2013-ல் அது சட்டமானது. தெருவிலும் வயலிலும் வேலை பார்த்த ஒரு பெண்ணின் போராட்டத்தில் பிறந்த சட்டம், இன்று அலுவலகச் சுவரில்தான் ஒட்டப்பட்டிருக்கிறது. வயலுக்கும் குழிக்கும் அது திரும்பி வர வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தினக்கூலியும் ஊழியர்தான். தற்காலிக வேலை, ஒப்பந்தக்காரர் அழைத்து வந்த வேலை, பயிற்சி மாணவி, சம்பளமில்லாத் தன்னார்வலர் எல்லோரும் இதில் அடக்கம். பணி நிமித்தம் செல்லும் எந்த இடமும் பணியிடம்தான்; வேலை கொடுப்பவர் ஏற்பாடு செய்த வண்டிப் பயணமும் சேரும். அகழாய்வுக் குழி, ஓடு கழுவும் கொட்டகை, வேன் எல்லாமே சட்டத்தின் பார்வையில் பணியிடம்.

பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். தலைமை அலுவலகத்தில் மட்டும் இருந்தால் போதாது. ஒவ்வொரு கிளை அலுவலகத்திலும் இருக்க வேண்டும். பத்து பேருக்குக் குறைவான இடத்திலிருந்தும், முதலாளி மீதே புகார் என்றாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவுக்குப் போகலாம். புகாரை வாங்கி அந்தக் குழுவுக்கு அனுப்ப ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு பொறுப்பு அலுவலர் இருக்க வேண்டும். 2024 டிசம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம் இதை எல்லா மாநிலங்களுக்கும் மீண்டும் உத்தரவாகவே சொன்னது. ஸ்ரீமுஷ்ணம் தனி வட்டம். இங்கே அந்த அலுவலர் யார் என்று வட்டாட்சியர் அலுவலக அறிவிப்புப் பலகையைப் பார்த்தால் தெரிய வேண்டும்.

புகாரை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். எழுதத் தெரியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். புகாரை நிரூபிக்க முடியவில்லை என்பதாலேயே அதைப் பொய்ப் புகார் என்று சொல்லி, கொடுத்தவர் மீது நடவடிக்கை எடுக்க முடியாது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. மாவட்டக் குழுவின் நியமன உறுப்பினர்களில் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் ஆகிய பிரிவுகளில் ஏதேனும் ஒன்றைச் சேர்ந்த பெண் ஒருவராவது இருக்க வேண்டும். உள்ளகக் குழுவுக்கு அப்படி ஒரு நிபந்தனையே இல்லை. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பதற்காகச் செய்யக் கூடாது என்றில்லை. மண் சுமப்பவர்களில் தலித் பெண்கள் இருக்கும் இடத்தில், குழுவிலும் ஒரு தலித் பெண் இருப்பதே நியாயம்.

பஞ்சாயத்துக்கு இடமில்லை

பட்டியல் சாதிப் பெண் என்று தெரிந்தே, பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாதவர் அவருடைய சம்மதமின்றிப் பாலியல் நோக்கில் தொட்டாலோ, பாலியல் ரீதியாகப் பேசினாலோ, சைகை காட்டினாலோ அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி தனிக் குற்றம். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தம் இது. வாய்மொழிப் புகாரை எழுதிக்கொண்ட பிறகு, கையெழுத்து வாங்கும் முன் அதைப் படித்துக் காட்ட வேண்டும். நகலும் கொடுக்க வேண்டும். விசாரிப்பவர் டி.எஸ்.பி. நிலை அதிகாரியாக இருக்க வேண்டும். உள்ளகக் குழுவில் புகார் கொடுத்திருந்தாலும் காவல் நிலையத்துக்குப் போகத் தடையில்லை. மூன்று மாதக் கெடு அங்கே பொருந்தாது.

கிராமத்தில் நடப்பது வேறு. நாலு பெரியவர்கள் கூடி, ஒரு தொகையைக் கொடுத்து, ‘பொண்ணு விஷயம், வெளியே தெரிஞ்சா அசிங்கம்’ என்று முடித்துவிடப் பார்ப்பார்கள். பணியிடச் சட்டப்படி, பாதிக்கப்பட்ட பெண்ணே கேட்டாலொழிய சமரசம் கிடையாது. அவரே கேட்டாலும், பணம் அந்தச் சமரசத்துக்கு அடிப்படையாக இருக்கக் கூடாது. ‘நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்’ என்று அவரை நிறுத்துவது தீர்வல்ல. அதுவும் துன்புறுத்தலின் தொடர்ச்சியே.

திண்டுக்கல் காட்டிய வழி

காகிதச் சட்டம் மட்டும் போதாது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. திண்டுக்கல் மாவட்ட ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். கைதானவர் அதே ஆலையின் மேற்பார்வையாளர். தலித் பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் உருவானது. ஹெச் அண்ட் எம் போன்ற பன்னாட்டு நிறுவனமும் அதற்குக் கட்டுப்பட்டது. தொழிலாளர்களுக்குள்ளிருந்தே கண்காணிப்பாளர்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்தார்கள். புகார் சொல்ல மேலே ஏறிப் போக வேண்டியதில்லை; பக்கத்து இயந்திரத்தில் இருக்கும் பெண்ணிடமே சொல்லலாம்.

அகழாய்வுத் தளத்துக்கும் இது பொருந்தும். பருவம் தொடங்கும் நாளில் குழு உறுப்பினர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் தமிழில் பலகையில் எழுதி, வாசித்தும் காட்ட வேண்டும். தொழிலாளர்களில் ஒரு பெண்ணைப் பொறுப்பாளராக்க வேண்டும். ஆள் எடுப்பதும் நிறுத்துவதும் ஒருவர் விருப்பத்தில் இருக்கக் கூடாது. கூலி நேராக வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும். இவற்றுக்குப் பெரிய செலவு ஆகாது.

பெண்கள் உதவிக்கு 181, வன்கொடுமைப் புகாருக்கு 14566. வேலைக்குப் போகும் அக்கா, தங்கைகள் இந்த இரண்டு எண்களையும் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். வருகைப் பதிவேட்டில் தினமும் உங்கள் பெயர் ஏறுகிறதா என்று பாருங்கள். நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள் என்பதற்கு அதுவே முதல் ஆதாரம்.