போரியா எந்தத் துறையில் சேர்த்தி?

தே தாரே வரட்டும், நிதானமாகப் பேசலாம். கலைத்துறையில் டிகிரி முடித்த பிள்ளை, “மாஸ்டர்ஸ் செய்யணும், ஆனா ஒரே பாடத்துக்குள்ள அடைபட இஷ்டமில்லை” என்று சொன்னதும் வீட்டில் ஒரு சங்கடம் வந்துவிடுகிறது. அப்பாவுக்குக் கவலை: நாலு துறையைத் தொட்டுப் படித்தால் கடைசியில் எதிலும் ஆழம் இல்லாமல் போய்விடுமே. பிள்ளைக்கு ஆசை: பிடித்ததையெல்லாம் சேர்த்துக்கொள்ளலாம், பிடிக்காததைக் கழற்றிவிடலாம். அப்பாவின் கவலையில் நியாயம் இருக்கிறது. பிள்ளையின் ஆசையில்தான் பிசகு. ஏன் என்று சொல்லப் பினாங்கிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. போரியா.

பினாங்குக்காரர்களுக்குப் போரியாவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே மாதிரி உடுத்திய ஒரு குழு. முன்னால் நிற்பவர் துக்காங் காராங். பாட்டைக் கட்டுபவரும் அவரே, பாடுபவரும் அவரே. அவர் ஒரு கண்ணியைப் பாடி நிறுத்த, பின்வரிசை ஆடிக்கொண்டே பல்லவியைத் திருப்பிப் பாடும். ஊர் நடப்பு, நையாண்டி, புத்திமதி எல்லாம் பாட்டில் வரும். மொழி மலாய். இன்று அது பினாங்கு மலாய்க்காரர்களின் கலை. வந்த வழி வேறு. 19ஆம் நூற்றாண்டில் மதராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி சிப்பாய்கள் இந்தத் தீவில் நிறுத்தப்பட்டிருந்தார்கள். முஹர்ரம் மாதத்தின் முதல் பத்து நாட்களில் அவர்கள் நடத்திய பாட்டும் ஊர்வலமும்தான் போரியாவுக்கு வேர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. நபிகளின் பேரன் கொல்லப்பட்ட கர்பலாவின் துயரத்தை நினைத்து அழுத ஒரு சடங்கு, இங்கே சிரிக்க வைக்கும் மேடைக் கலையாக எப்படி மாறியது?

இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு யுனிவர்சிட்டிக்குள் போய்ப் பாருங்கள். இசை படிப்பிப்பவர் மெட்டையும் தாளத்தையும் கேட்பார். மலாய் இலக்கியத்துக்காரர் கண்ணியின் இயைபைக் கேட்பார். வரலாற்றுத் துறையில், எந்த ரெஜிமென்ட், எந்த ஆண்டு, அதற்கு ஆவணம் எங்கே என்பார்கள். சமயம் படித்தவர், ஷியாக்களின் சடங்கைச் சுன்னி முஸ்லிம்கள் ஏன் கையில் எடுத்தார்கள் என்று கேட்பார். எல்லாம் சரியான கேள்விகள்தான். சிக்கல் என்னவென்றால், ஒருவருடைய கேள்விக்குப் பதில் இன்னொருவருடைய அலமாரியில் இருக்கிறது.

ஓர் உதாரணம்: 1867 ஆகஸ்டில் ஜார்ஜ்டவுன் தெருக்களில் சுமார் பத்து நாள் கலவரம் நடந்தது. ஒரு பக்கம் கீ ஹின் என்ற சீனச் சங்கமும் அதோடு சேர்ந்த வெள்ளைக்கொடிக்காரர்களும். மறுபக்கம் துவா பெக் கோங் சங்கமும் சிவப்புக்கொடிக்காரர்களும். கொடிச் சங்கங்கள் இரண்டிலும் இருந்தவர்கள் மலாய், இந்திய முஸ்லிம்கள். முஹர்ரம் கொண்டாட்டங்கள் இந்தச் சங்கங்கள் கூடும் இடமாகவும் இருந்தன. அரசு விசாரணைக் கமிஷன் வைத்தது; 1868இல் அறிக்கை வந்தது; 1869இல் ஆபத்தான சங்கங்களை அடக்கச் சட்டமும் வந்தது. ஆகவே பாட்டின் குணம் ஏன் மாறியது என்று தேடுகிறவர் கமிஷன் அறிக்கையையும் சட்டப் புத்தகத்தையும் புரட்டாமல் இருக்க முடியாது. அறிக்கையை மட்டும் படிக்கிறவருக்கோ அந்தப் பாட்டு வெறும் போலீஸ் தொல்லையாகத்தான் தெரியும். பாட்டுக் கேட்கத் தெரிந்த காதும் அறிக்கை படிக்கத் தெரிந்த கண்ணும் ஒரே ஆளிடம் இருந்தால்தான் இந்தக் கேள்வி நகரும்.

இன்னொன்றும் உண்டு. 1864இல் சிங்கப்பூரில் நடந்த முஹர்ரம் ஊர்வலத்தை வர்ணிக்கும் ‘ஷாயிர் தாபுட்’ என்ற மலாய்ச் செய்யுள் ஜாவி எழுத்தில் இருக்கிறது. ஜாவி கஷ்டம் என்று நீங்கள் ஒதுக்கினால், அந்தக் காலத்தில் கூட்டத்தோடு நின்று பார்த்தவரின் சாட்சியம் கையைவிட்டுப் போகும். பிடிக்காததைக் கழற்றிவிடலாம் என்ற ஆசை பிசகு என்றேனே, இதற்காகத்தான். ஒரே துறையில் படிக்கிறவருக்கு எதைக் கற்க வேண்டும் என்று சிலபஸ் சொல்லும். இங்கே அதைச் சொல்வது உங்கள் கேள்வி. அது சிலபஸைவிடக் கண்டிப்பானது.

இப்படிப் படித்து நிமிர்ந்தவர்கள் நம்மிடம் உண்டு. தனிநாயகம் அடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1913இல் யாழ்ப்பாணத்துக் கரம்பொன்னில் பிறந்தவர். ரோமில் இறையியல் படித்து டாக்டர் பட்டம் வாங்கியபோது அவர் ஆராய்ந்தது பழைய கார்த்தேஜ் நகரத்துத் திருச்சபையை. பிறகு திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தபோதுதான் தமிழில் முறையாக இறங்கினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எம்.லிட். பட்டத்துக்குச் சங்கப் பாட்டில் இயற்கையை எடுத்துக்கொண்டார். ஐரோப்பியச் செவ்வியல் கவிதையைத் தெரிந்தவர் என்பதால், குறிஞ்சியும் நெய்தலும் பாட்டுக்குள் என்ன வேலை செய்கின்றன என்பதை ஒப்பிட்டுக் காட்ட அவரால் முடிந்தது. மூன்றாவது பட்டம் லண்டனில், கல்வியியலில். பழந்தமிழ் இலக்கியத்தில் இருக்கும் கல்விச் சிந்தனைதான் பொருள். 1961 முதல் 1969 வரை கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவர். 1966இல் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடியதற்கு அவர்தான் முதல் காரணம். 1679இல் அச்சான புரோயென்சாவின் தமிழ்–போர்ச்சுகீசிய அகராதியைத் தேடி எடுத்து 1966இலேயே மறுபதிப்பாகக் கொண்டுவந்ததும் அவரே. லத்தீனும் போர்ச்சுகீசும் தெரிந்த, தமிழ் கற்ற பாதிரியார் என்பதால்தான் அது அவர் கைக்கு வந்தது. ஆனால் கவனியுங்கள்: அவர் மூன்று துறைகளையும் ஒரே நேரத்தில் அள்ளவில்லை. ஒவ்வொன்றிலும் முறையாக உட்கார்ந்து, தேர்வாளர் முன் நின்று தேறினார். அப்பா கேட்கும் ஆழம் அங்கேதான் வந்தது.

பினாங்கிலேயே இன்னொரு உதாரணம், யு.எஸ்.எம். எனப்படும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் கற்பித்த இசை ஆய்வாளர் டான் சூயி பெங். பங்சாவான் நாடகத்தைப் பற்றிய அவருடைய புத்தகம் 1993இல் வந்தது. பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து இங்கே 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவான மேடை அது. அதைப் பற்றி எழுத அவர் பழைய பத்திரிகைகளைப் படித்தார், கிராமபோன் தட்டுகளைக் கேட்டார், நடித்த முதியவர்களிடம் பேசினார். மூன்று வகைச் சாட்சிகள். ஒவ்வொன்றையும் கையாளத் தனிப் பயிற்சி வேண்டும். பத்திரிகை விளம்பரம் கூட்டிச் சொல்லும். தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடத்துக்குமேல் பாட்டுக்கு இடமில்லை. முதியவருடைய நினைவு பிந்திய காலத்தையும் கலந்து சொல்லும். எது எங்கே நம்பத்தகாதது என்று தெரிந்து ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்ப்பதுதான் இந்தப் படிப்பில் உண்மையாகக் கற்றுக்கொள்ளும் வித்தை.

சரி, எங்கே சேர்வது? 1969இல் தொடங்கிய யு.எஸ்.எம்., மிண்டனில் பழைய பிரிட்டிஷ் ராணுவ முகாமில் குடியேறிய பல்கலைக்கழகம். ஆரம்பத்திலிருந்தே ‘ஃபாக்கல்டி’ என்று வேலி போடாமல் ‘பூசாட் பெங்காஜியான்’ என்று பள்ளிகளாக அமைத்தார்கள். ஒரு பள்ளி மாணவர் இன்னொரு பள்ளியில் பாடம் எடுக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். மனிதவியல் பள்ளியில் வரலாறு, புவியியல், இலக்கியம், மொழிபெயர்ப்பு, இஸ்லாமிய நாகரிகம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. நிகழ்கலை வேறு பள்ளி, சமூக அறிவியல் வேறு பள்ளி, ஆனால் நடந்து போகும் தூரம்தான். மலேசியாவில் மாஸ்டர்ஸ் மூன்று வகை: பாடம் மட்டும், ஆராய்ச்சி மட்டும், இரண்டும் கலந்தது. பல துறைக் கேள்வியோடு வருகிறவர்களுக்குக் கலந்த வகையைத்தான் நான் சொல்வேன். தெரியாத துறையின் முறையை வகுப்பில் உட்கார்ந்து கற்க அது இடம் தருகிறது. ஆராய்ச்சி மட்டும் என்றால் அதைத் தனியாகத் தட்டுத்தடுமாறிக் கற்க வேண்டும். ஆய்வேட்டைப் பொதுவாக மலாயிலோ ஆங்கிலத்திலோதான் எழுத வேண்டியிருக்கும். தமிழ் ஆவணம், தமிழ்ப் பேட்டி எல்லாம் உங்கள் மொழிபெயர்ப்பில்தான் தேர்வாளரைச் சேரும். அந்த உழைப்புக்கும் நேரம் ஒதுக்குங்கள்.

இரண்டு சூப்பர்வைசர்கள் கேளுங்கள், ஆனால் ஒரே ஒரு தாய்வீடு வைத்துக்கொள்ளுங்கள். ‘போரியா: வரலாற்று ஆய்வு’ என்றால் வரலாறு தாய்வீடு, இசை, இலக்கியம் எல்லாம் அதற்குத் துணை. இதைத் தீர்மானிக்காமல் போகிறவர்கள் வைவாவில் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். உள்தேர்வாளர் ஆவணம் போதாது என்பார், வெளித்தேர்வாளர் கோட்பாடு போதாது என்பார், இரண்டு பேருக்கும் இடையில் பிள்ளை திணறும். தாய்வீடு தெளிவாக இருந்தால், “இந்த ஆய்வு இந்த முறையில் நின்று எழுதப்பட்டது, அந்தத் துறையிலிருந்து இவ்வளவு எடுத்துக்கொண்டேன்” என்று தைரியமாகச் சொல்லலாம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1941இலிருந்து இயங்கும் ‘கமிட்டி ஆன் சோஷல் தாட்’, துறை எல்லையே இல்லாத படிப்பு. அங்கேகூட மாணவர் தனக்கென்று சில மூலநூல்களைத் தேர்ந்து, அவற்றில் கடுமையான தேர்வு எழுதித்தான் ஆய்வுக்குப் போக முடியும்.

வேலை? பட்டத்தின் பெயர் விளம்பரத்தில் வராது, அது உண்மை. லெக்சரர் வேலைக்குத் துறைப் பெயர் கேட்பார்கள்; அதற்கும் தாய்வீடுதான் கைகொடுக்கும். மற்றபடி, 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய ஊர் ஜார்ஜ்டவுன். லெபு சூலியாவில் நாகூர் தர்கா, 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், லெபு குவீனில் மாரியம்மன் கோயில் என்று எதைத் தொட்டாலும் வக்ஃபு அல்லது அறக்கொடைப் பத்திரமும் கட்டட வரைபடமும் வாய்மொழிக் கதையும் சேர்ந்தே வரும். மூன்றையும் படிக்கத் தெரிந்த தமிழ்ப் பிள்ளைகள் மிகக் குறைவு. அந்தக் கோப்புகளை இதுவரை பெரும்பாலும் மற்றவர்கள்தான் நமக்காகப் படித்திருக்கிறார்கள். எனக்கு அது உறுத்துகிறது.

சேருவதற்கு முன்னால் ஒரு தாள் எழுதுங்கள். மேலே கேள்வி, ஒரே வாக்கியத்தில். கீழே, அதற்குச் சாட்சி சொல்லக்கூடியவை எவை, அவை எங்கே இருக்கின்றன: யு.எஸ்.எம்.மின் ஹம்சா செண்டுட் நூலகமா, கோலாலம்பூர் ஆர்க்கிப் நெகாராவா, சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகமா, கம்போங்கில் பாடிக்கொண்டிருக்கும் ஒரு துக்காங் காராங்கா. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதைப் படிக்க உங்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது. அந்தத் தாளோடு சூப்பர்வைசரைப் போய்ப் பாருங்கள். ‘தெரியாது’ என்ற பக்கத்தில் ஜாவி இருந்தால், அட்மிஷன் கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். பினாங்கில் எந்த மலாய் சமயப் பள்ளி உஸ்தாஸிடம் கேட்டாலும் சொல்லித் தருவார்.