நான்கு நீச்சல், ஒரு சாண்

மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் தோட்டக் கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்குத் தவளை நீச்சல், மல்லாக்க நீச்சல், உள்நீச்சல் எல்லாம் விளக்காமலே புரியும். முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை, இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி படியில் ஒரு மாமா. கோடை விடுமுறை முடிவதற்குள் பையன்கள் பம்புசெட் ரூம் கூரையிலிருந்து குதிக்கத் தொடங்கிவிடுவார்கள். அக்கா, தங்கைகள் தொட்டித் தண்ணீரில் துணி அலசிக்கொண்டே வேடிக்கை பார்ப்பார்கள்.

அந்தக் கிணற்று நீச்சல்களில் இரண்டோடு இன்னும் இரண்டைச் சேர்த்து, நான்கு பெண்கள் ஆளுக்கு 100 மீட்டராகப் பங்குபோட்டு நீந்தும் பந்தயம்தான் மெட்லி ரிலே. பெண்களுக்கு இது 1960 ரோம் ஒலிம்பிக்கில் வந்தது. முதலில் மல்லாக்க நீச்சல், அடுத்து தவளை, பிறகு பட்டாம்பூச்சி, கடைசியில் ஃப்ரீஸ்டைல். மல்லாக்க நீந்துபவர் தண்ணீருக்குள் இருந்தபடி சுவரை உதைத்துத்தான் கிளம்ப முடியும். நடுவில் அவரை இறக்கிவிட்டால், வந்து சேரும் தோழி சுவரைத் தொட இடமிருக்காது. அதனால்தான் அவருக்கு முதல் இடம்.

2021 ஆகஸ்ட் 1 அன்று டோக்கியோவில் நடந்த இறுதிப் போட்டியைப் பார்ப்போம். ஆஸ்திரேலியாவின் கெய்லி மெக்கியோன் மல்லாக்க நீந்த எடுத்த நேரம் 58.01 விநாடி. தவளை நீச்சலில் செல்சி ஹாட்ஜஸ் 65.57. பட்டாம்பூச்சியில் எம்மா மெக்கியோன் 55.91. ஃப்ரீஸ்டைலில் கேட் கேம்ப்பெல் 52.11. குளமும் தூரமும் ஒன்றுதான். தவளைக்கும் ஃப்ரீஸ்டைலுக்கும் மட்டும் எப்படி 13 விநாடிக்கு மேல் வித்தியாசம்?

காரணம் தண்ணீர். அது காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. வேகம் இரட்டித்தால் அதன் தடை நான்கு மடங்காகும். 10 சதவீதம் கூடுதல் வேகம் வேண்டுமானால், உடல் ஒவ்வொரு விநாடியும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் ஆற்றலைக் கொட்ட வேண்டும். தவளை நீச்சலில் கையையும் காலையும் தண்ணீருக்குள்ளேயே முன்னால் இழுத்துக்கொள்கிறோம். அதாவது ஒவ்வொரு வீச்சிலும் நமக்கு நாமே ஒருமுறை பிரேக் போடுகிறோம். ஃப்ரீஸ்டைலில் கை காற்றின் வழியாக முன்னே வருகிறது. ஒரு கை ஓயும்போது மறு கை இழுக்கிறது. வேகம் விழுவதற்கு இடைவெளியே கிடைப்பதில்லை. பட்டாம்பூச்சியே தவளைக்குப் பிறந்த பிள்ளைதான். 1930களில் தவளை நீச்சல்காரர்கள் சிலர் கைகளைத் தண்ணீருக்கு மேலே வீசிக் கொண்டுவந்தார்கள். விதியில் அதற்குத் தடை இல்லை. வேகம் கூடியது, சண்டையும் கூடியது. 1950களின் தொடக்கத்தில் அதைத் தனி நீச்சலாகப் பிரித்துவிட்டார்கள்.

கிணற்றில் மூச்சடக்கிப் பழகும் உள்நீச்சலுக்கும் இங்கே வேலை உண்டு. நீர்மட்டத்தில் நீந்துபவரின் வலுவில் ஒரு பகுதி அலை எழுப்புவதிலேயே வீணாகிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் அந்த அலைத்தடை வெகுவாகக் குறைந்துவிடும். 1988 சியோல் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் டேவிட் பெர்காஃப் மல்லாக்க நீச்சலில் 30 மீட்டருக்கு மேல் தண்ணீருக்குள்ளேயே போனார். இப்படியே விட்டால் நீச்சல் போட்டி முங்கு போட்டி ஆகிவிடும் என்று அதன்பின் கட்டுப்பாடு வந்தது. இன்று தவளை தவிர மற்ற மூன்றிலும் 15 மீட்டருக்குள் தலை வெளியே தெரிந்தாக வேண்டும்.

இத்தனைக்கும் மேலே இருப்பது கைமாற்றம். வருபவர் சுவரில் உள்ள பலகையைத் தொடுகிறார். அதற்குப் பிறகுதான் மேடையில் நிற்பவரின் கால்விரல் மேடையை விட்டுப் பிரிய வேண்டும். மேடையிலும் சுவரிலும் உள்ள கருவிகள் இதைக் கணக்கிடுகின்றன. கருவியின் பிழைக்காக 0.03 விநாடி மட்டும் மன்னிப்பு. அதை மீறினால் அணியே வெளியே. ஆனால் காலுக்குத்தான் கட்டு, உடம்புக்கு இல்லை. தெருவில் கயிறு தாண்டும் சிறுமிகளைக் கவனியுங்கள். கயிறு தரையைத் தட்டும் வரை காத்திருப்பவள் உள்ளே நுழையவே மாட்டாள். அது சுற்றும்போதே உடம்பை ஆட்டித் தயாராகிறாள். ரிலே வீராங்கனையும் அப்படித்தான். தோழியின் கடைசி வீச்சைப் பார்த்தே கைகளைச் சுழற்றி முன்னே சாய்ந்துவிடுகிறார். சுவரில் கை படும்போது மேடையில் மிச்சமிருப்பது கால் கட்டைவிரல் மட்டும். பீப் ஒலி கேட்டுக் குதிப்பதைவிட இதில் ஏறக்குறைய அரை விநாடி லாபம்.

டோக்கியோவில் பாதித் தூரம் முடிந்தபோது அமெரிக்கா சரியாக அரை விநாடி முன்னே இருந்தது. எம்மா அதைக் கால் விநாடியாகக் குறைத்தார். கேம்ப்பெல் மீதியையும் விழுங்கி முந்தினார். ஆஸ்திரேலியா 3 நிமிடம் 51.60 விநாடி, அமெரிக்கா 3 நிமிடம் 51.73. வித்தியாசம் 0.13 விநாடி. கேம்ப்பெல்லின் வேகத்தில் அது 25 சென்டிமீட்டர்; 400 மீட்டர் நீந்தி முடித்தபோது நடுவே இருந்தது ஒரு சாண். மூன்று கைமாற்றத்திலும் அமெரிக்கர்கள் தலா 0.05 விநாடி மிச்சம் பிடித்திருந்தால் தங்கம் அவர்களுடையது. மூன்று ஆண்டு கழித்து பாரிஸில் அவர்கள் கணக்கைத் தீர்த்தார்கள்: 3 நிமிடம் 49.63 விநாடி, அன்றைய உலக சாதனை.

நம் பக்கம் வருவோம். நிஷா மில்லெட் ஐந்து வயதில் தண்ணீரில் மூழ்கப்போய்ப் பிழைத்தவர். அந்தப் பயம் தெளியட்டும் என்று அவர் அப்பா சென்னை ஷெனாய் நகரில் நீச்சல் பழக்கினார். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே நீச்சல் வீராங்கனை அவர். 24 ஆண்டு கழித்து பாரிஸிலும் ஒருவர்தான்: பெங்களூரின் 14 வயது தினிதி தேசிங்கு. ரிலேக்கு நான்கு பேர் வேண்டும்.

மதுரையில் ரேஸ்கோர்ஸ் மைதானத்து நீச்சல் குளம் இருக்கிறது. ஊருக்கு ஊர் கிணறும் இருக்கிறது. அடுத்த கோடையில் பையனுக்குக் கட்டும் சுரைக்குடுக்கையை அவன் தங்கைக்கும் கட்டிவிடுங்கள். கயிற்றைப் பிடிக்க மாமா இருந்தால் போதும். துணியைப் பிறகு அலசிக்கொள்ளலாம்.