கணினியின் வெப்பம்

விளையாட்டிற்கெனக் கணினி வாங்கிய மாணவர் பலர் ஓரிரு ஆண்டுகள் கழிந்தபின் கூறும் குறை ஒன்றே. தொடக்கத்தில் நன்றாய் ஓடுகின்றதாம்; அரைமணி சென்றதும் தடுமாறுகின்றதாம். உடனே புதிய கிராபிக்ஸ் கார்டு வேண்டுமென்று தந்தையார்க்கு விண்ணப்பம் பறக்கின்றது. நண்பர்காள், சற்றுப் பொறுமின்!

பிராசஸர் என்னும் சில்லு, தான் கொள்ளும் மின்சாரத்தை ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளிவிடும். அதன் வெப்பநிலை 100 பாகை செல்சியஸை நெருங்குங்கால், தன்னைக் காக்கும்பொருட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விசிறியிலும் அதனையடுத்த உலோகத் தகடுகளிலும் தூசி படிந்து காற்றை மறிப்பின் இந்நிலை விரைவில் வந்தெய்தும்.

ஆதலின், வெப்பநிலையையும் வேகத்தையும் காட்டும் இலவச மென்பொருளொன்றை நிறுவி, விளையாடும்போதே நோக்குக. முன்னது ஏறப் பின்னது இறங்குமாயின், மின்னிணைப்பை நீக்கிப் பெட்டியைத் திறந்து, அழுத்தக் காற்றினால் தூசியை அகற்றுக. அப்பொழுது விசிறி சுழலாவண்ணம் விரலாற் பிடித்துக்கொள்ளல் வேண்டும். மிகுவேகமாய்ச் சுழலின் அதன் அச்சு பழுதுறும். பவர் சப்ளையை மட்டும் ஒருபோதும் திறவற்க. மின்னிணைப்பு நீங்கிய பின்னும் அதன் கெபாசிட்டர்களில் உயிர்க்கிறுதி விளைக்கத்தக்க மின்சாரம் தங்கியிருத்தல் கூடும். சில்லின்மேல் தடவிய பசை நாளடைவில் உலர்ந்துபோம். அதனைப் புதுப்பித்தற்கு ஆகும் செலவு சிறிதே.

மடிக்கணினியை மெத்தைமீது வைத்து விளையாடுவோர் (விடுதியில் இவரே மிகுதி) அதன் அடியிலுள்ள காற்றுவழியைத் தாமே அடைக்கின்றனர். அதனை மேசைக்கு மாற்றின் ஒரு காசும் செலவில்லை.

இவையெல்லாம் செய்தும் தடுமாற்றம் நீங்காதாயின், ராம் ஒன்றே உளதோ இரண்டு உளவோவென்று பார்க்க. இரண்டாயின் சில்லுக்குத் தரவு செல்லும் வழியும் இரண்டாகும். கார்டைப்பற்றி எண்ணுவது அதன்பின்னரே.