உப்பு ஏற்றும் வண்டியும் உளுத்துப்போகும் சேசிஸும்



மூட்டையில் எடை குறைந்தால் கையால் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவோம். பருப்பில் வண்டு விழுந்தால் வாசனையிலேயே தெரிந்துவிடும். ஆனால் அந்தச் சரக்கைச் சுமந்து வரும் வண்டியின் அடிப்பாகத்தை நம்மில் எத்தனை பேர் குனிந்து பார்த்திருக்கிறோம்? நாமும் பார்த்ததில்லை. அதற்குக் கொடுத்த விலையைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நமது மண்டிக்கு, 12 ஆண்டு ஓடிய ஒரு மினி லாரியை வாங்கினோம். இன்ஜின் நன்றாக இருந்தது. டயர் புதிது. அடியில் பளபளவென்று கறுப்புப் பெயிண்ட். தூத்துக்குடி உப்பு, கருவாடு, வெல்லம் என்று இரண்டு ஆண்டு ஓடியது. கேபின் கதவு சரியாகச் சாத்தவில்லை என்று டிரைவர் இருமுறை சொன்னார். கீல் தேய்ந்திருக்கும் என்று விட்டுவிட்டோம். ஒரு நாள் காலை, பாரத்தோடு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது பின் பட்டைக்கு மேலே சேசிஸ் முறிந்து பாடி சாய்ந்தது. மூட்டைமேல் உட்கார்ந்து வந்த லோடுமேனுக்குக் கால் எலும்பு முறிந்தது. மூன்று மாதம் அவரால் வேலைக்கு வர முடியவில்லை. அவரை மேலே உட்காரவிட்டதும் நமது தவறே. வண்டிக்கு இன்சூரன்ஸ் கேட்டபோது, தேய்மானத்தால் வந்த சேதத்துக்குப் பாலிசியில் இடமில்லை என்று பதில் வந்தது.

சேசிஸ் என்பது முன்னிருந்து பின்வரை போகும் இரண்டு நீளச் சட்டங்களும், அவற்றைப் பிணைக்கும் குறுக்குச் சட்டங்களும்தான். இன்ஜின், கேபின், பாடி, சரக்கு அனைத்தும் இதன்மேல்தான் நிற்கின்றன. துரு தின்று தகடு மெலிந்தாலும் நாம் ஏற்றும் பாரம் குறைவதில்லை.

இரும்பும் நீரும் காற்றும் சேர்ந்தால் துரு பிடிக்கும். நீரில் உப்பு கலந்தால் அது பல மடங்கு வேகமாகும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கசியும். மழைக்காலத்தில் கடையிலுள்ள உப்பு மூட்டை கசிவதை நாம் பார்க்காததா? அதே கசிவுதான் பலகை இடுக்கு வழியாகச் சேசிஸ்மேல் சொட்டுகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தைப் பிடிக்கும். எனவே இரண்டு தகடுகள் சேரும் இடத்தில் புகுந்தால், அது உப்பிப் பெருத்து ரிவெட்டையே இழுத்துவிடும்.

இது நமது ஊர் வண்டிகளுக்கு மட்டும் வரும் நோயல்ல. அமெரிக்காவில் குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலையில் உப்பைத் தூவுகிறார்கள். அங்கே வீடுபோல் கட்டிய பழைய சுற்றுலா வண்டிகளில், தரையும் தகடும் மூடியிருப்பதால் துரு வெளியே தெரியாமல் சட்டம் உளுத்துப்போகிறது. பிக்கப் வண்டிகளின் சேசிஸ் துரு பற்றிய வழக்கில் டொயோட்டா நிறுவனம் 2016-ல் சமரசத்துக்கு வந்தது. சுமார் 15 லட்சம் வண்டிகள், 340 கோடி டாலர் வரை செலவு என்று அப்போது மதிப்பிட்டார்கள்.

பழைய வண்டி வாங்குமுன் பார்க்க வேண்டியவை:

1. பின் பட்டையை மாட்டும் பிராக்கெட்டின் மேற்பகுதி, குறுக்குச் சட்டம் சேரும் மூலைகள், பேட்டரிப் பெட்டியின் அடி, பாடிக்கும் சேசிஸுக்கும் இடையிலுள்ள இடுக்கு.

2. சிறு சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உளுத்தது மந்தமாக ஒலிக்கும், ஏடு ஏடாக உதிரும்.

3. கதவு சாத்தாமை, கேபினுக்கும் பாடிக்கும் இடைவெளி மாறுதல், வண்டி ஒரு பக்கம் சாய்தல், டயர் ஒரு பக்கமாகத் தேய்தல்.

4. வண்டி பழையதாக இருந்து அடியில் மட்டும் புதுப் பெயிண்ட் இருந்தால் சந்தேகப்படுங்கள். பெயிண்ட் துருவை மறைக்குமே தவிர நிறுத்தாது.

நீளச் சட்டம் உளுத்திருந்தால், அதன்மேல் தகடு வைத்து வெல்டிங் அடித்து ஓட்டாதீர்கள். உள்ளே துரு தொடரும். வெல்டிங் சூட்டில் பக்கத்து இரும்பின் வலுவும் மாறி, ஒட்டுக்கு அருகிலேயே விரிசல் விடும். குறுக்குச் சட்டம் மட்டும் கெட்டிருந்தால் முழுதாகக் கழற்றி மாற்றலாம். நீளச் சட்டம் கெட்டிருந்தால் அந்த வண்டியில் பாரம் ஏற்றுவதையே நிறுத்த வேண்டும்.

இருக்கும் வண்டியைக் காப்பது பெரிய செலவில்லை. உப்பு, கருவாடு ஏற்றும்போது தரையில் தார்ப்பாய் விரியுங்கள். இறக்கியதும் பாடியை மட்டுமல்ல, அடிப்பாகத்தையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். சேசிஸில் தங்கும் சேற்றைச் சுரண்டி எடுங்கள். துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு, ரெட் ஆக்சைடு அடித்து, அதன்மேல் பெயிண்ட் அடியுங்கள்.

8 ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. உண்டு. அது ஒரு நாள் பரிசோதனை. மற்ற நாட்களில் பார்க்க வேண்டியவர் உரிமையாளர்தான். டிரைவர் ஒரு குறை சொன்னால் அன்றே குனிந்து பாருங்கள். நாம் பார்த்திருந்தால் ஒருவரின் கால் தப்பியிருக்கும்.