யுத்தம் முடிந்த பிறகு

ஒருவன் லாகிரி வஸ்துவுக்கு அடிமையானான் என்று கேட்டதும், "கெட்ட சகவாசம்" என்று சொல்லி நாம் விசாரணையை முடித்து விடுகிறோம். வியத்நாம் யுத்தத்துக்குப் பின் அமெரிக்க வைத்தியர்கள் கண்ட விஷயம் அவ்வளவு சுலபமாக முடிகிறதாயில்லை.

1971-ல் அங்கிருந்த அமெரிக்கச் சிப்பாய்களிடையே ஹெராயின் மலிந்து கிடந்தது. அபினியிலிருந்து தயாராகும் இச்சரக்கைப் பெரும்பாலோர் புகைத்தார்கள். ஐந்தில் ஒருவர் அதற்கு அடிமையாகிவிட்டதாகப் பின்னர் தெரிய வந்தது. ஜனாதிபதி நிக்ஸன் கவலை கொண்டார். சிறுநீரைப் பரிசோதித்த பிறகே சிப்பாய்களை ஊருக்கு அனுப்பினார்கள்.

லீ ராபின்ஸ் என்ற அம்மையார் திரும்பி வந்தவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்தார். என்ன ஆச்சரியம்! அங்கே அடிமையாயிருந்தவர்களில், முதல் வருஷத்தில் மறுபடியும் அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்தான். தொட்டில் பழக்கத்தைப் பற்றிப் பழமொழி சொல்லுகிறவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

ஆனால் யுத்தகளத்தைத் தலைக்குள் சுமந்து வந்தவர்களின் கதை வேறு. வெடிச் சத்தம் கேட்டால் உடல் நடுங்கும். கண்ணை மூடினால் மடிந்த தோழனின் முகம் நிற்கும். இந்த நோய்க்கு 1980-ல்தான் அமெரிக்க மனோவைத்திய சங்கம் தனிப் பெயர் சூட்டியது. அதன் பின் சர்க்கார் நடத்துவித்த விசாரணையில், வியத்நாம் சென்று இந்நோய் கண்ட ஆண்களில் சுமார் நாலில் மூன்று பேர், வாழ்நாளில் ஏதோ ஒரு சமயம் குடியால் கெட்டவர்கள் என்று தெரிந்தது.

இவர்கள் நாடுவது இன்பத்தையல்ல. வேதனை தாளாமல் தமக்குத் தாமே வைத்தியம் செய்து கொள்ளுகிறார்கள் என்று 1985-ல் எட்வர்ட் கான்ட்ஸியன் என்ற வைத்தியர் எழுதினார். பொல்லாத வைத்தியந்தான்! குடித்தால் தூக்கம் வருகிறது. முன்னிரவில் கனவும் அடங்குகிறது. நிறுத்திய இரவிலோ, அடக்கி வைத்த கனவுகளெல்லாம் வட்டியும் முதலுமாகத் திரும்பி வருகின்றன. மறுபடியும் புட்டியைத் தேடுவதற்குக் கேட்பானேன்?

வைத்தியசாலைகளோ நெடுநாள் வரையில், "முதலில் குடியை விட்டுவிட்டு வா, அப்புறம் உன் பயத்தைப் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பி வந்தன. காலில் முள் தைத்தவனை, "நொண்டாமல் நடந்து வா, எடுத்து விடுகிறேன்" என்பது போலத்தான்.

இரண்டையும் ஒருங்கே கவனிக்கும் முறையை 1990-க்குப் பின் லீஸா நஜாவிட்ஸ் என்ற மனோதத்துவ நிபுணர் வகுத்தார். பழைய பயங்கரங்களைக் கிளறாமல், இன்றைய தினத்தை அபாயமின்றிக் கழிப்பதெப்படி என்பதிலிருந்து அது தொடங்குகிறது. அந்த நினைவுகளையே வாய்விட்டுப் பேச வைத்தால் குடி மிஞ்சிவிடுமென்று பலர் அஞ்சினார்கள். 2012-ல் ஆஸ்திரேலியாவில் அதையும் பரீட்சித்து வெளியிட்டார்கள். சிகிச்சைக்கு வந்தவர்களில் அநேகர் போர்க்களத்தைக் காணாதவர்கள். சிறு பிராயத்திலேயே கொடுமைக்கு ஆளானவர்கள். பயங்கர நினைவுகளின் வேகம் தணிந்தது. லாகிரிப் பழக்கம் அஞ்சியபடி அதிகரிக்கவில்லை.