வளவில் தேங்கிய நீரும் ஒரு முறைப்பாட்டுக் கடிதமும்

கடந்த மழைக்காலத்தில் என் தம்பி டெங்குக் காய்ச்சலால் ஆறு நாட்கள் வைத்தியசாலையில் இருந்தான். இரத்தப் பரிசோதனையில் குருதிச் சிறுதட்டுக்களின் எண்ணிக்கை இறங்க இறங்க, உம்மாவின் முகமும் வாடியது. எங்கள் ஒழுங்கையில் அவன் மூன்றாவது நோயாளி. எல்லோரும் கைகாட்டியது ஒரே இடத்தைத்தான். ஒழுங்கையின் நடுவே, கட்டி முடிக்கப்படாமல் நின்றுபோன வீட்டு வளவு அது. சொந்தக்காரர் வெளிநாட்டில். உள்ளே பழைய டயர், சிரட்டை, பொலித்தீன், மூடியில்லாத சீமெந்துத் தொட்டி. எல்லாவற்றிலும் மழைநீர்.

"சபைக்கு அறிவிப்போமா?" என்று கேட்டேன். மூன்று பதில்கள் கிடைத்தன. "சொல்லி என்ன நடக்கப் போகுது?" "அவங்க நம்மட சொந்தக்காரங்க, மனம் நோகும்." "பொம்புளப் புள்ள எதுக்குக் கந்தோருக்கு எழுதணும்?"

இந்த மூன்றுக்கும் விடை தேடியபோது நான் அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

துணைவிதி என்றால் என்ன?

நாட்டின் சட்டங்களைப் பாராளுமன்றம் இயற்றுகிறது. ஆனால் ஓர் ஊரின் சந்தை, வடிகான், குப்பை, உணவகம், கால்நடை, விளம்பரப் பலகை போன்ற அன்றாட விடயங்களுக்கு அவ்வூரின் சபையே விதி செய்யலாம். அதுவே துணைவிதி. மாநகர சபைகளுக்கு 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டமும், நகர சபைகளுக்கு 1939 ஆம் ஆண்டின் 61 ஆம் இலக்கச் சட்டமும், பிரதேச சபைகளுக்கு 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டமும் இந்த அதிகாரத்தை அளிக்கின்றன. சபை நிறைவேற்றினால் மட்டும் போதாது. மேலிடத்து அங்கீகாரம் பெற்று வர்த்தமானியில் வெளிவந்த பின்னரே துணைவிதி செல்லுபடியாகும். அதை மீறினால் வழக்கு நீதவான் நீதிமன்றம் வரை போகலாம்.

நுளம்பு பெருகும் இடங்களுக்கு இதைவிட வலுவான ஒரு சட்டம் நாடு முழுவதற்கும் உண்டு. அது 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கும் சட்டம். தன் வளவில் நுளம்பு பெருகாமல் பார்த்துக்கொள்வது உரிமையாளரின் அல்லது குடியிருப்பவரின் கடமை என்கிறது அது. ஆகவே ஆளில்லாத வளவு என்பதால் பொறுப்பும் இல்லாமல் போய்விடாது.

யாரிடம் சொல்வது?

பல முறைப்பாடுகள் தோற்பதற்குக் காரணம் அவை தவறான கதவைத் தட்டுவதுதான். குப்பை, உள்ளூர் வடிகான், தெருவிளக்கு, அனுமதியற்ற கட்டடம் ஆகியவை பெரும்பாலும் சபையின் பொறுப்பு. ஆனால் எல்லா வீதிகளும் சபைக்குரியவை அல்ல. ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சீ, டீ தர வீதிகள் மாகாண சபைக்கும் உரியன. நுளம்பு பற்றியதாயின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்ல வேண்டும். எது யாருக்குரியது என்று தெரியாவிட்டால் 1919 என்ற அரசாங்கத் தகவல் நிலைய இலக்கத்தை அழைத்துக் கேட்கலாம்.

எப்படி எழுதுவது?

நான் முதலில் எழுதிய வசனம் இது: "எங்கள் பகுதியில் குப்பையும் நுளம்பும் அதிகம். உடனே நடவடிக்கை எடுக்கவும்." வாப்பா வாசித்துவிட்டு, "இதை வாசிக்கிற ஆள் எந்த வீட்டுக்கு வருவார்?" என்று கேட்டார். பிறகு இப்படி மாற்றினேன்: "14 ஆம், 18 ஆம் இலக்க வீடுகளுக்கு இடையிலுள்ள, கட்டி முடிக்கப்படாத வளவில் மூடியற்ற சீமெந்துத் தொட்டியொன்று உள்ளது. அதில் நீர் தேங்கியிருப்பதை நவம்பர் 3, 10 ஆம் திகதிகளில் கண்டேன். இவ்வொழுங்கையில் மூவருக்கு டெங்கு ஏற்பட்டுள்ளது."

இடம், திகதி, கண்ணால் கண்டது, அதனால் விளைந்த பாதிப்பு. இந்த நான்கும் போதும். வளவுக்காரரின் குணத்தைப் பற்றியோ, கேள்விப்பட்டதைப் பற்றியோ ஒரு சொல்லும் வேண்டாம். வீதியில் நின்று எடுத்த ஒரு படத்தை இணைக்கலாம். சொந்தப் பெயரும் முகவரியும் இருக்கட்டும். பெயரில்லாத கடிதத்துக்கு யாரும் பதில் அனுப்ப முடியாது. தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பு நமக்கு உரிமை தந்திருக்கிறது.

கடிதத்தை இரு பிரதிகளாகக் கொண்டுபோய், ஒன்றைக் கொடுத்து மற்றதில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். அல்லது பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருக்க வேண்டும். நாங்கள் தொலைபேசியில் சொன்ன முதல் முறைப்பாட்டுக்கு எந்தத் தடயமும் இருக்கவில்லை. பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். "இன்ன திகதியில் கொடுத்த முறைப்பாட்டின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன?" என்று தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்டால், 14 வேலை நாட்களுக்குள் அவர் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும்.

இது கோள் சொல்வதாகுமா?

என்னை அதிகம் உறுத்திய கேள்வி இதுதான். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் ஒரு தர்மம் என்று மதரசாவில் படித்தோம். கல்லை நாமே அகற்றலாம். பூட்டிய வளவின் தொட்டியை அகற்ற, அதிகாரமுள்ளவரிடம் சொல்லத்தான் முடியும். ஆனாலும் முதலில் உரியவரிடம் சொல்வதே நாகரிகம். வாப்பா சொந்தக்காரருக்கு வெளிநாட்டுக்கு அழைத்துச் சொன்னார். "பார்க்கிறேன்" என்றார் அவர். இரண்டு வாரம் கழித்தே கடிதத்தைக் கொடுத்தோம். முகநூலில் படம் போட்டு அவமானப்படுத்தலாம் என்று நானா சொன்னதை வாப்பா ஏற்கவில்லை. எங்களுக்குத் தேவைப்பட்டது தொட்டிக்கு ஒரு மூடி மட்டுமே.

அடுத்த வாரம் பரிசோதகர் வந்தார். வளவைப் பார்த்து, அங்கே பொறுப்பாக இருந்த உறவினரிடம் எழுத்து மூல அறிவித்தல் கொடுத்தார். பிறகு ஒழுங்கையின் ஏனைய வீடுகளுக்கும் வந்தார். எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டை இழுத்தபோது, அதிலிருந்த தண்ணீரில் குடம்பிகள் நெளிந்தன. உம்மா வாயடைத்துப் போனார். தம்பியைக் கடித்த நுளம்பு எங்கிருந்து வந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அந்த வளவுக்குள் கிடந்த யோகட் கோப்பைகளில் சில எங்கள் வீட்டு மதிலுக்கு மேலால் போனவை என்பதையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சகோதரிகளே, முறைப்பாடு செய்பவர் தன் வீட்டுக் கதவையும் திறந்து வைக்க வேண்டும் என்பதை அன்று விளங்கிக்கொண்டேன். இப்போது அந்தத் தொட்டிக்கு மூடி இருக்கிறது. மதிலுக்கு மேலால் பொலித்தீன் பை விழுவது மட்டும் முற்றாக நின்றபாடில்லை. முத்திரையிட்ட அந்தப் பிரதியை என் பாடக் கோப்பில் பத்திரமாக வைத்திருக்கிறேன். அடுத்த மழைக்கு முன் இன்னொன்று எழுத வேண்டி வரலாம்.